வேலையை எப்போ விடறது? சிஎன்சி போட நினைக்கிற கணபதி தம்பிக்கு

தம்பி கேட்டதை முதல்ல சுருக்கிச் சொல்லிடறேன். கோயமுத்தூர் கணபதி ஏரியாவுல ஒரு பம்ப் உதிரிபாகக் கம்பெனியில 9 வருஷமா சிஎன்சி செட்டர், அதாவது கம்ப்யூட்டர் சொல்றபடி உலோகத்தை வெட்டற மெஷினுக்கு டூல், அளவெல்லாம் செட் பண்ணித் தர்றவர். டிப்ளமோ படிப்பு. கைக்கு 38,000 சம்பளம். மனைவி தனியார் பள்ளியில டீச்சர். ஏற்கெனவே ஓடின டர்னிங் சென்டர், அதாவது சிஎன்சி கடைசல் மெஷின், ஒண்ணு 10 லட்சத்துக்கு வருது, அதை வாங்கி ஜாப் ஒர்க், அதாவது அடுத்தவங்க பீஸைக் கூலிக்கு வெட்டிக் குடுக்கறது, ஆரம்பிக்கலாம்னு யோசனை. வேலையை விட்டுட்டு முழுசா இறங்கறதா, இருந்துக்கிட்டே பாக்கறதா? மனைவி பேர்ல போடலாமா? மச்சான் 3 லட்சம் குடுத்து பாதிப் பங்கு கேக்கறார், சேத்துக்கலாமா?

விடாதீங்க. மெஷின் வந்து இறங்கற அன்னிக்கும் விடாதீங்க, முதல் பில்லு போடற அன்னிக்கும் விடாதீங்க. நீங்க போட்ட பணம் வேலை குடுக்கற பார்ட்டி கைக்குப் போய், ஒரு சுத்து சுத்தி, உங்க பேங்க் கணக்குக்குத் திரும்பி வரணும். அது ரெண்டு மூணு மாசம் தொடர்ந்து வந்த பிறகு ராஜினாமாக் கடிதத்தைப் பத்திப் பேசலாம். கணபதி, ஆவாரம்பாளையம், சின்னவேடம்பட்டிப் பக்கத்துப் பட்டறைகளுக்குக் கணக்கு எழுதறது என் தொழில். மெஷின் ஓட்டத் தெரியாம மூடின பட்டறை என் கண்ணுல பட்டது ரொம்பக் கம்மி. வேலை நிறைய இருந்தும், வரவேண்டியது வராம மூடினதுதான் அதிகம்.

ஒரு மெஷின் கணக்கைப் போட்டுப் பாக்கலாம். இது மாதிரிக்குத்தான், உங்க ஏரியா ரேட்டை நீங்க மாத்திப் போட்டுக்கங்க. 10 லட்சம் கடன், 12 சதவீத வட்டி, 5 வருஷம்னா மாசத் தவணை 22,250 வரும். ஷெட் வாடகை 10,000. கரண்ட் 9,000. ஆபரேட்டர் ஒருத்தருக்கு 20,000. இன்சர்ட் (வெட்டற முனை), கூலன்ட், ஆயில், சில்லறை ரிப்பேர் எல்லாம் 8,000. ஆட்டோ, பெட்ரோல், போன், என் மாதிரி ஆளுக்குக் குடுக்கற கணக்குக் கூலி 3,000. மொத்தம் 72,250. வரவு? மணிக்கு 300 ரூபாய் ரேட்டுன்னு வைங்க. எட்டு மணி நேர ஷிப்டுல செட்டிங், டீ, டூல் மாத்தறது, கரண்ட் கட் எல்லாம் போக மெஷின் நிஜமா ஓடறது ஆறரை மணி. 25 நாளைக்கு 48,750. ஒரு ஷிப்ட் ஓட்டினா மாசம் 23,500 கையை விட்டுப் போகுது.

சரி, ரெண்டு ஷிப்ட். வரவு 97,500. இன்னொரு ஆபரேட்டர், கூடுதல் கரண்ட், கூடுதல் இன்சர்ட்டுன்னு செலவுல 31,000 ஏறி 1,03,250 ஆகும். இன்னும் 5,750 துண்டு விழுது. "அதுக்குத்தான் வேலையை விட்டுட்டு ஒரு ஷிப்ட் நானே ஓட்டறேன்"னு சொல்வீங்க. எல்லாரும் இங்கதான் சறுக்கறாங்க. நீங்களே ஓட்டினா மிச்சமாகறது ஒரு ஆபரேட்டர் சம்பளம், 20,000. விட்டுட்டு வந்தது 38,000. வேலையில இருந்துக்கிட்டு ரெண்டு ஆள் போட்டா, துண்டு போகக் குடும்பத்துக்கு 32,250 நிக்குது. வேலையை விட்டா, ஒரு ஷிப்டை நீங்க பாத்தும் 14,250தான். உங்களோட ஒரு மணி நேரத்துக்கு உங்க கம்பெனி தர்ற விலையை உங்க மெஷின் இன்னும் தர ஆரம்பிக்கலை. அவ்வளவுதான் விஷயம்.

நடுவுல ஒரு வழி இருக்கு. பகல்ல ஒரு ஆள், சாயங்காலம் ஆறு மணியிலிருந்து பத்து வரைக்கும் நீங்க, ஞாயித்துக்கிழமையும் கொஞ்ச நேரம். இதுல ஏறக்குறைய கைக்கும் வாய்க்கும் சரியா வரும், சில மாசம் நாலாயிரம் மிஞ்சும். ஆனா உடம்பு ஒண்ணுதான். ஆறு மாசம் இப்படி ஓட்டலாம். ஒரு வருஷம் தாங்கறது கஷ்டம், அதுவும் சின்னக் குழந்தை இருக்கற வீட்டுல. இதை மனைவிகிட்ட முன்கூட்டியே தேதி போட்டுச் சொல்லிடுங்க.

கரண்ட் பத்தி ஒரு வார்த்தை. 2022 செப்டம்பர்ல கட்டணம் ஏறினதுல இருந்து நிலைக் கட்டணம்தான் பட்டறைக்காரங்களுக்குப் பெரிய புலம்பல். மெஷின் ஓடினாலும் ஓடலைன்னாலும் அது கட்டியே ஆகணும். வாங்கற கரண்ட் லோடைக் கணக்குப் பண்ணி வாங்குங்க. "பின்னாடி ரெண்டாவது மெஷின் வரும்ல, இப்பவே சேத்து வாங்கிக்கலாம்"னு எலக்ட்ரீசியன் சொல்வார், கேக்காதீங்க. வீட்டு சர்வீஸ்ல இருந்து இழுத்து மெஷின் ஓட்டற எண்ணமும் வேண்டாம், பிடிச்சா அபராதம் தலைக்கு மேல போகும்.

இப்போ பாக்கிக்கு வர்றேன். மாசம் முழுக்க வேலை செஞ்சு மாசக் கடைசியில பில்லு போடறீங்க. பார்ட்டி 75 நாள்ல தருவார்னு வைங்க. முதல் நாள் வெட்டின பீஸுக்குப் பணம் வர மூணரை மாசம் ஆகுது. நடுவுல ஒரு வழின்னு சொன்னேன்ல, அதுல சாயங்காலம் ஓடற கூடுதல் கரண்ட், இன்சர்ட் எல்லாம் சேத்து மாசச் செலவு 77,750. மூணரை மாசத்துக்கு ரெண்டே முக்கால் லட்சம். அதோட ஷெட் அட்வான்ஸ், சர்வீஸ் டெபாசிட், கம்ப்ரஸர், துளை அளக்கற போர் கேஜ், மைக்ரோமீட்டர் எல்லாம் சேத்தா நாலு லட்சம். மெஷின் கடன்ல இந்தக் காசு வராது. பேங்க்காரர் மெஷின் வித்தவர் பேருக்கு நேரா பணம் அனுப்பிட்டுப் போயிடுவார். இந்த நாலு லட்சத்தைத்தான் வேலையில இருக்கறப்போ சேக்கணும். இதைச் சேக்காம இறங்கறவங்கதான் மூணாவது மாசம் தண்டல்காரரைத் தேடிப் போறாங்க. தவணைக்கு முதல்ல சில மாசம் அவகாசம் கேளுங்க, கேட்டா பெரும்பாலும் தருவாங்க.

பணம் கேக்கப் போற இடத்துல என்ன நடக்கும்னும் தெரிஞ்சுக்கங்க. பர்ச்சேஸ்ல கேட்டா அக்கவுன்ட்ஸைக் கைகாட்டுவாங்க. அக்கவுன்ட்ஸ் பொண்ணு சிஸ்டத்தைப் பாத்துட்டு, "ஏனுங்கண்ணா, உங்க டெலிவரி சலான் டிசியில 240 பீஸ் போட்டிருக்குது, ஸ்டோர்ல 236ன்னு ஏத்தியிருக்காங்க. அதைச் சரி பண்ணோணும், அப்புறந்தான் பில்லு பாஸ் ஆகும்"னு சொல்லும். நாலு பீஸுக்காக மொத்த பில்லும் நிக்கும். ஸ்டோர்காரர் லஞ்சுக்குப் போயிருப்பார். இதெல்லாம் பகல் பதினொரு மணிக்கு நடக்கற வேலை. அந்த நேரத்துல நீங்க உங்க கம்பெனியில இருப்பீங்க. வேலையில இருந்துக்கிட்டுத் தொழில் செய்யறதுல நிஜமான சிக்கல் இந்தப் பகல் நேரம்தான். ராத்திரி தூக்கம் கெடறது அதுக்கு அப்புறம்தான்.

அதனால ஆபரேட்டரைத் தேடறதுக்கு முன்னாடி பகல்ல போய் வர ஒரு ஆளைத் தேடுங்க. ரிட்டயர் ஆன சூப்பர்வைசர் யாராவது பக்கத்துலயே இருப்பாங்க. பாதி நாள் சம்பளத்துக்கு வந்து, முதல் பீஸ் செக் பண்ணி, டிசி எழுதி, பார்ட்டி ஆபீசுக்கும் போய் வருவாங்க. வயசானவர் போய் நின்னா அக்கவுன்ட்ஸ்ல கொஞ்சம் மரியாதையும் இருக்கும். நான் மேல போட்ட கணக்குல இந்தச் செலவைச் சேக்கலை, சேத்துக்கங்க.

முதல் பீஸ்னு சொன்னேன்ல, அதை லேசா எடுக்காதீங்க. நீங்க வெட்டற காஸ்டிங், அதாவது வார்ப்பு, பார்ட்டியோடது. உங்களுக்கு ஒரு பீஸுக்கு லேபர் 22 ரூபாய்னு வைங்க, காஸ்டிங் விலை 180. ராத்திரி ஷிப்ட்ல இன்சர்ட் தேஞ்சதுனால ஆஃப்செட் (டூலோட அளவுத் திருத்தம்) குடுக்கறேன்னு பையன் ஒரு தட்டு கூடத் தட்டிட்டான். போர், அதாவது துளை, 20 மைக்ரான் பெருசாப் போச்சு. சின்னதாப் போனா திரும்ப ஓட்டிச் சரி பண்ணலாம், பெருசாப் போனா பழைய இரும்புதான். காலையில 200 பீஸ் அடுக்கி வெச்சிருப்பான். போன லேபர் 4,400. கெட்டுப்போன காஸ்டிங்குக்குப் பார்ட்டி பிடிக்கற டெபிட் நோட் 36,000. நீங்க சம்பளத்துக்கு இருக்கற இடத்துல இது ஒரு திட்டோட முடியும், சொந்தப் பட்டறையில பல மாச லாபத்தை முழுங்கும். ஒவ்வொரு 20 பீஸுக்கும் ஒரு பீஸைப் பிளக் கேஜ்ல போட்டுப் பாத்து நோட்ல எழுதணும், எழுதினதைப் போட்டோ எடுத்து அனுப்பணும்னு முதல் நாளே சொல்லிடுங்க.

ஆபரேட்டருக்கு அடி பட்டா என்னன்னும் யோசிங்க. பத்துப் பேருக்குக் கீழ இருக்கற பட்டறைக்குப் பொதுவா இஎஸ்ஐ வராது, பொறுப்பு முழுக்க உங்க தலையில. தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசி ஒண்ணு மெஷின் இறங்கற வாரமே எடுத்துடுங்க, பெரிய காசு இல்லை.

உங்க கம்பெனி விஷயம். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை இன்னிக்கு ராத்திரியே எடுத்துப் படிங்க. வேலையில இருக்கறப்போ வேற தொழில் செய்யக்கூடாதுன்னு எழுதியிருந்தா அது செல்லும், அதுக்காக உங்களை வெளிய அனுப்பவும் முடியும். வேலையை விட்ட பிறகு ரெண்டு வருஷம் இதே தொழில் செய்யக்கூடாதுன்னு எழுதியிருந்தா, 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் 27-வது பிரிவுப்படி அது பொதுவா நிக்காது. ஆனா அவங்க டிராயிங், பிக்ஸ்சர் (பீஸைப் பிடிக்கற சாதனம்) டிசைன், ரேட் லிஸ்ட் இதையெல்லாம் எடுத்துட்டு வந்தா அது தனி வழக்கு. போன்ல ஒரு போட்டோகூட இருக்க வேண்டாம். இந்தக் கேள்வியை அரசு ஊழியர் யாராவது படிச்சா அவங்களுக்கு விதி வேற. முன் அனுமதி இல்லாமத் தனியார் தொழில் செய்யவே கூடாதுன்னு நடத்தை விதிகள்லயே இருக்கு.

முதலாளிகிட்டச் சொல்றதா, மறைக்கறதா? சொல்லிடுங்கன்னுதான் நான் சொல்வேன். இன்சர்ட் விக்கறவர் உங்க கம்பெனிக்கும் வருவார், உங்க ஷெட்டுக்கும் வருவார். ஒரு வாரம் தாங்காது. மூணாவது ஆள் சொல்லித் தெரிஞ்சா அது துரோகம் மாதிரி ஆகிடும். நீங்களே போய், "உங்க ஐட்டம் எதையும் தொட மாட்டேனுங்க, உங்க பார்ட்டி வீட்டுக்கும் போக மாட்டேனுங்க, வீட்டுல பேசி இப்படி முடிவு பண்ணியிருக்கறமுங்க"ன்னு சொன்னா நல்ல முதலாளி ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டு மூணாவது நாள் "எந்த சைஸ் மெஷினு?"ன்னு கேப்பார். முதலாளிங்கள்ல பாதிப் பேர் அப்படித்தான் வெளிய வந்தவங்க. தன்கிட்ட இருந்து போன ஆளுக்கே முதல் ஜாப் ஒர்க் குடுக்கறது இந்த ஊர்ல சகஜம். ஆள் எப்படின்னு அவருக்குத் தெரியும், உங்களுக்கு டிராயிங் தெரியும்.

ஆனா அதுலயே ஒரு ஆபத்து இருக்கு. வர்ற வேலை முழுக்கப் பழைய முதலாளியோடதுன்னா, நீங்க இப்பவும் அவர்கிட்ட வேலைதான் பாக்கறீங்க, பிஎஃப் இல்லாம. ரெண்டு பார்ட்டியாவது வேணும். ரெண்டும் ஒரே தொழிலா இல்லாம இருந்தா இன்னும் நல்லது. பம்புக்குப் பருவம் உண்டு, மழை நல்லாப் பேஞ்ச வருஷம் மோட்டார் விக்காது. 2025 ஆகஸ்டு கடைசியில அமெரிக்கா 50 சதவீத வரி போட்டப்போ திருப்பூர் பனியன்காரங்க பட்ட பாட்டை நீங்களே பாத்திருப்பீங்க. ஏற்றுமதி ஆர்டர் நின்னா அவங்களை நம்பி இருந்த பிரிண்டிங், எம்பிராய்டரி, பவர் டேபிள் ஜாப் ஒர்க் எல்லாம் கூடவே நிக்கும். கோயமுத்தூர் கொடிசியாவுல இன்டெக்னு இயந்திரக் கண்காட்சி நடக்கறப்போ லீவு போட்டுட்டு ரெண்டு நாள் சுத்துங்க. மெஷினைப் பாக்காதீங்க. ஸ்டாலுக்கு ஸ்டால் நின்னு, வெளியில வேலை குடுக்கறாங்களா, எத்தனை நாள்ல பணம் தர்றாங்கன்னு மட்டும் விசாரிங்க.

உத்யம்ங்கற சிறுதொழில் பதிவை ஆதார் வெச்சு இணையத்துல நீங்களே போட்டுக்கலாம், ஒரு ரூபாயும் கிடையாது. காசு கேக்கற ஏஜென்ட்டை அனுப்பிடுங்க. குறு, சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள்ள பணம் தரணும், தாமதமானா ரிசர்வ் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூணு மடங்கு கூட்டு வட்டி தரணும்னு 2006-ம் வருஷத்து எம்எஸ்எம்இ சட்டம் சொல்லுது. நிஜத்துல யாரும் புகார் போடறதில்லை. போட்டா பணம் வரும், பார்ட்டி போயிடுவார். ஆனா 45 நாளைத் தாண்டின பாக்கியை அவங்க வருமான வரியில செலவாக் காட்டறதுல சிக்கல் இருக்கறதால, மார்ச் மாசம் பெரிய கம்பெனி ஆடிட்டரே உங்க நம்பரைக் கேட்டு போன் பண்ணுவார். பில்லுலயே உத்யம் நம்பரை அச்சடிச்சுடுங்க. ஜிஎஸ்டி, ஜாப் ஒர்க் சேவைங்கறதால வருஷத்துக்கு 20 லட்சம் வரைக்கும் கட்டாயம் இல்லை. இருந்தாலும் பெரிய பார்ட்டி வெண்டார் கோடு (அவங்க கணக்குல உங்களுக்கான நம்பர்) தர்றதுக்கு ஜிஎஸ்டி நம்பர் கேப்பாங்க. எடுத்துட்டீங்கன்னா ஒண்ணு ஞாபகம் இருக்கட்டும். மாசாமாசம் கட்டறவங்க அடுத்த மாசம் 20-ம் தேதிக்குள்ள வரியைக் கட்டணும், பார்ட்டி பணம் தந்தாரா இல்லையான்னு அரசாங்கம் கேக்காது.

மானியக் கடன் வேணும்னா மெஷினுக்கு அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடியே மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்க. பிரதமரோட பிஎம்இஜிபி திட்டத்துல உற்பத்திக்கு 50 லட்சம் வரைக்கும் திட்டச் செலவு. மானியம் பொதுப்பிரிவுக்கு நகரத்துல 15, கிராமத்துல 25 சதவீதம். பெண்கள், பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் இனத்தவர் மாதிரி சிறப்புப் பிரிவுக்கு 25, 35. மாநில அரசோட நீட்ஸ் திட்டம் டிப்ளமோ படிச்ச முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு, 10 லட்சத்துல இருந்து 5 கோடி வரைக்கும், 25 சதவீத மானியம். புது யூனிட்டுக்குத்தான் இது. "முதல்ல ஆரம்பிச்சுடுவோம், அப்புறம் மானியம் வாங்கிக்கலாம்"னு இறங்கினா ஏற்கெனவே ஓடற யூனிட்டுன்னு தள்ளிடுவாங்க. எந்தக் கடனா இருந்தாலும் சம்பள சிலிப் கையில இருக்கறப்போவே கேளுங்க. வேலையை விட்டா அடுத்த நாள்ல இருந்து பேங்க் உங்ககிட்ட ரெண்டு மூணு வருஷ வருமான வரிக் கணக்கு கேக்கும்.

கோயமுத்தூர்ல இந்தப் பேச்சு எடுத்தாலே ஜி.டி. நாயுடுவை உதாரணம் காட்டி "துணிஞ்சு இறங்கு"ன்னு சொல்ல ஒரு ஆள் வருவார். அவர் மோட்டார் சைக்கிள் மேல ஆசைப்பட்டு, கோயமுத்தூர் ஓட்டல்ல சர்வர் வேலை பாத்துக் காசு சேத்து அதை வாங்கினவர். அவரோட பொள்ளாச்சி பழனி பஸ் அதுக்கு அப்புறம் 1920-லதான் ஓடுச்சு. சம்பளக் காசைச் சேத்து வெச்ச பகுதியை விட்டுட்டுத்தான் எல்லாரும் கதை சொல்றாங்க.

9 வருஷம்னு சொன்னீங்க. இன்னும் ஒரு வருஷம் இருக்கறதுல வேற லாபமும் இருக்கு. பிஎஃப்ல பென்ஷன் பகுதிக்கு 10 வருஷ சர்வீஸ் முடிஞ்சாத்தான் 58 வயசுல மாசப் பென்ஷன் உரிமை. கிராஜுவிட்டி, கடைசி அடிப்படைச் சம்பளத்துல வருஷத்துக்கு 15 நாள் கணக்கு. அடிப்படை 20,000னா 10 வருஷத்துக்கு 1,15,000 ரூபாய்க்கு மேல வரும். ஆறு மாசம் தாண்டின கடைசி வருஷத்தையும் முழு வருஷமாத்தான் எடுப்பாங்க, அதைப் பாத்துத் தேதி போடுங்க. அந்தக் காசு உங்க ஓட்ட மூலதனத்துக்கு. பிஎஃப்பைத் தொடாதீங்க. கம்பெனி எடுத்துக் குடுத்த மருத்துவ பாலிசி கடைசி நாளோட முடியும். குடும்பத்துக்குத் தனி பாலிசி இப்பவே எடுத்து வைங்க. ஏற்கெனவே இருக்கற வியாதிக்குக் காத்திருப்புக் காலம் 3 வருஷம் வரைக்கும் இருக்கும், அது ஓட ஆரம்பிக்கட்டும்.

மனைவி பேர்ல போடறது. உங்க அப்பாயின்ட்மென்ட் ஆர்டருக்குப் பயந்து பேருக்கு மட்டும் போடறதா இருந்தா வேண்டாம். தவணை தவறினா சிபில்ங்கற கடன் மதிப்பெண் அவங்களோடது கெடும், கேஸ் வந்தாலும் அவங்க பேர்லதான் வரும். வரி மிச்சமாகும்னு நினைச்சா அதுவும் முழுசா நடக்காது. நீங்க சும்மா குடுத்த பணத்துல அவங்க நடத்தற தொழிலோட வருமானம், அந்தப் பணத்தோட அளவுக்கு, உங்க வருமானத்தோடதான் சேரும். அவங்க நிஜமாவே பில்லு போட்டு, பார்ட்டிகிட்டப் பேசி, கணக்குப் பாக்கத் தயார்னா தாராளமாப் போடுங்க. கணக்கு நோட்டுப் பாக்கற டீச்சரம்மாக்கள் நடத்தற பட்டறை ரெண்டு மூணு என்கிட்ட இருக்கு. டிசிக்கும் பில்லுக்கும் ஒரு பீஸ் வித்தியாசம் வராது.

மச்சான் விஷயம்தான் இருக்கறதுலயே கஷ்டம். 3 லட்சத்துக்குப் பாதிப் பங்குன்னா, உங்க ராத்திரியும் ஞாயித்துக்கிழமையும் இலவசம்னு அர்த்தம். சேத்துக்கறதா இருந்தா, வேலை செய்யற பங்காளிக்கு மாசச் சம்பளம் முதல்ல, மிச்சம் இருந்தாத்தான் லாபப் பங்கு, போட்ட முதலுக்கு வட்டி தனின்னு பங்குப் பத்திரத்துல எழுதிப் பதிவு பண்ணிக்கங்க. அதுக்கு அவர் முகம் சுளிச்சா கடனாக் கேளுங்க. 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ ரொக்கமாக் கடன் வாங்கறது வருமான வரிச் சட்டப்படி தப்பு, சொந்தக்காரங்ககிட்டன்னாலும். பேங்க் வழியா வாங்குங்க, வட்டியை மாசம் அஞ்சாம் தேதி அவர் கணக்குக்குத் தானாப் போற மாதிரி போட்டுடுங்க. அக்காவோ தங்கச்சியோ நோம்பிக்கு வந்தா, பேச்சு மெஷின் பக்கம் திரும்பாது.